வளையம் தெரிகிறது, வெட்டுவது யார்?

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டி இருக்கிறது காரிமங்கலம். அந்தச் சாலையை எல்லோரும் என்.எச். 7 என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், இந்த ஊர்ப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை என்றால் பெங்களூர் பஸ் ஏறுவது என்றுதான் பொருள். டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்து, டவுனில் ஏதோ ஒரு சென்டரில் ஆறு மாத கோர்ஸ் படித்து, ஓசூர் தாண்டிப் போய் அறை எடுத்துத் தங்கியவர்கள் அவர்கள். இன்றோ, செவ்வாய்க்கிழமைச் சந்தையின் இரைச்சல் எட்டும் தூரத்திலேயே, வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து வெளிநாட்டுக் கம்பெனியின் நிரலைத் திருத்துகிறவர்கள் உண்டு.

வேலை ஊருக்கு வந்த இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அந்த வேலைக்கு உள்ளே நடந்திருக்கும் மாற்றங்களை யாரும் அதிகம் பேசுவதில்லை. அவற்றில் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெரிய மென்பொருளின் பேக்கேஜ்கள் ஒன்றையொன்று சுற்றிப் பிடித்துக்கொள்ளும் ‘சர்குலர் டிபென்டென்சி’ என்ற சிக்கலை அன்று எப்படிக் கண்டார்கள், இன்று எப்படிக் காண்கிறோம் என்பது அது. சின்ன விஷயமாகத் தோன்றும். ஒரு மென்பொருள் பத்து வருடம் உயிரோடு இருக்குமா, இரண்டே வருடத்தில் யாரும் தொட முடியாததாகிவிடுமா என்பதை இந்தச் சின்ன விஷயம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

எது வளையம்?

பெரிய நிரலை யாரும் ஒரே கோப்பில் எழுதுவதில்லை. ஒரு வேலைக்கு உரிய கோப்புகளைச் சேர்த்து ஒரு பேக்கேஜ் ஆக்குகிறார்கள். ஒரு பேக்கேஜ் இன்னொன்றின் உதவியை வாங்கும்போது முதலாவது இரண்டாவதைச் சார்ந்திருக்கிறது. இந்தச் சார்பு ஒரே திசையில் போகும்வரை பிரச்சினை இல்லை. போன வழியே திரும்பி வந்தால் அது வளையம்.

காரிமங்கலம் தேங்காய்ச் சந்தைக்கு ஒரு மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘வியாபாரி’, ‘ரசீது’, ‘வரி’ என்று மூன்று பேக்கேஜ்கள். ரசீது போடுவதற்கு வரி எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஆகவே ரசீது வரியைச் சார்கிறது. வரி கணக்கிட, வாங்குகிறவர் எந்த வகை வியாபாரி என்று பார்க்க வேண்டும்; வரி வியாபாரியைச் சார்கிறது. இதுவரை ஒழுங்கு. ஆறு மாதம் கழித்து, வியாபாரியின் பக்கத்தில் அவருடைய பாக்கித் தொகையும் தெரிந்தால் நல்லது என்று யாரோ கேட்கிறார்கள். எழுதுகிறவர் வியாபாரி பேக்கேஜுக்குள் ரசீதை இழுத்து ஒரு நிரல் வரி சேர்க்கிறார். அவர் சேர்த்தது ஒரே ஒரு நிரல் வரிதான். அந்த நிமிடத்திலிருந்து வியாபாரி, ரசீது, வரி மூன்றும் ஒரே உடம்பு. ஒன்றைத் தனியே எடுத்துச் சோதிக்க முடியாது, வேறு திட்டத்துக்குக் கொண்டுபோக முடியாது, புதிதாக வந்தவருக்கு ஒன்றை மட்டும் விளக்கவும் முடியாது.

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம் ஊரில் சொல்வார்கள். இதை முடிக்க அது வேண்டும், அதை முடிக்க இது வேண்டும். எதை முதலில் தொடங்குவது என்ற கேள்விக்கு விடை இல்லாமல் போவதுதான் வளையத்தின் இயல்பு.

கனடாவைச் சேர்ந்த டேவிட் பார்னாஸ் இதை 1979-ல் ஒரு கட்டுரையில் தெளிவாக எழுதினார். பகுதிகள் ஒன்றையொன்று மாறி மாறிப் பயன்படுத்தும்படி விட்டால், எல்லாமே ஓடத் தொடங்கும்வரை எதுவுமே ஓடாத ஓர் அமைப்புதான் கையில் மிஞ்சும் என்பது அவர் விடுத்த எச்சரிக்கை.

அன்று: வலித்த பிறகு தெரிந்தது

அன்று வளையம் தானாக வந்து முன்னால் நிற்காது. வேறு ஏதாவது உடைந்து, அதைத் தேடிப் போகும்போதுதான் அகப்படும்.

பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் வளர்ந்த 1970-களின் கதை இதற்கு நல்ல சாட்சி. நிரலின் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் அன்றைய லிங்கர் ஒரு நூலகத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே ஒரு தடவைதான் படிக்கும். முன்னால் இருப்பதற்குப் பின்னால் இருப்பது கை கொடுக்கலாம். பின்னால் இருப்பதற்குத் தேவையானது முன்னால் கடந்து போயிருந்தால் லிங்கர் திரும்பிப் பார்க்காது. ஆகவே கோப்புகளைச் சரியான வரிசையில் அடுக்க வேண்டும். அதற்கென்றே ‘டிசார்ட்’ என்ற சிறு கட்டளை 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் சேர்ந்தது. எது எதைச் சார்கிறது என்ற பட்டியலைக் கொடுத்தால் அது வரிசையைச் சொல்லும். வரிசையே இல்லாத இடத்தில், அதாவது வளையம் இருக்கும் இடத்தில், முறையிடும். இன்றும் எந்த லினக்ஸ் இயந்திரத்திலும் அந்தக் கட்டளையைத் தட்டிப் பார்க்கலாம்.

அதே ஆய்வகத்தில் 1976-ல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’ இன்னொரு சாட்சி. எந்தக் கோப்பு மாறினால் எதை மறுபடி கட்ட வேண்டும் என்று பார்க்கும் கருவி அது. அதன் இன்றைய வாரிசான குனு மேக், வளையத்தைச் சந்தித்தால் அந்தச் சார்பைக் கைவிட்டுவிட்டதாக ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விடும். நூற்றுக்கணக்கான வரிகள் திரையில் ஓடும்போது அந்த ஒரு வரியைக் கவனிக்க யாருக்கு நேரம் இருந்தது?

பழைய மேக் கோப்புகளைத் திறந்து பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். இணைக்க வேண்டிய நூலகங்களின் வரிசையில் ஒரே பெயர் இரண்டு தடவை இருக்கும். முதல் நூலகம், அடுத்து இரண்டாவது, மறுபடியும் முதல் நூலகம். இரண்டும் ஒன்றையொன்று சார்ந்திருந்ததால், லிங்கரை ஏமாற்றச் செய்த ஏற்பாடு அது. அடுத்து வந்தவர்கள் ஏன் என்று தெரியாமலேயே அதை நகலெடுத்துக்கொண்டு போனார்கள். வளையம் இருந்ததற்கான ஒரே ஆவணம் அந்த இரட்டிப்புதான்.

சி++ எழுதியவர்களுக்கு வேறு வடிவில் வலித்தது. ஒரு ஹெடர் கோப்பு இன்னொன்றை அழைக்க, அது முதலாவதை அழைக்க, முடிவில்லாமல் சுற்றாமல் இருக்கப் பாதுகாப்பு வரிகள் போடுவார்கள். சுற்று நிற்கும், வளையம் போகாது. இருக்கிற வகுப்பையே இல்லை என்று கம்பைலர் சொல்லும். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பல ஆண்டுகள் ஸ்டார் ஆபீஸும் சி++-உம்தான் பாடம். லேப் நேரம் குறைவு, கம்ப்யூட்டர் அதைவிடக் குறைவு. நிரலை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்து தேர்வு எழுதிய பிள்ளைக்கு, இரண்டு கோப்புகள் கொண்ட நிரலையே பார்க்காமல் பள்ளி முடிந்துவிடும். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஆயிரம் கோப்புகள் ஒன்றாக எதிரே நிற்கும்.

அங்கே அன்று சார்புகளின் வரைபடம் எங்கே இருந்தது? டீமில் மூத்தவர் ஒருவரின் தலைக்குள். எதைத் தொட்டால் எது உடையும் என்று அவருக்குத் தெரியும். அவர் லீவில் போனால் வேலை நிற்கும். வேலையை விட்டுப் போனால் அறிவும் போகும்.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது ஒன்று. வழி தெரியாமல் அவர்கள் தவிக்கவில்லை. சார்பே இல்லாதவற்றை முதலில் உரித்து எடு, அதன் பிறகு சார்பற்றுப் போனவற்றை எடு, இப்படியே போ, கடைசியில் எதையும் உரிக்க முடியாமல் மிஞ்சினால் அங்கே வளையம் இருக்கிறது என்ற முறையை ஆர்தர் கான் 1962-லேயே எழுதிவிட்டார். ராபர்ட் டார்ஜன் 1972-ல் இன்னும் நேர்த்தியான வழி தந்தார். ஒரு பேக்கேஜில் தொடங்கி, சார்புகளைக் காட்டும் அம்புக்குறிகளைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். தொட்ட ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போட்டு, இன்னும் முடியாதவற்றை ஓர் அடுக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த அடுக்கில் இருப்பவற்றில் ஒன்றுக்கே மறுபடி வந்து சேர்ந்தால் வளையம். எல்லா வளையக் கூட்டங்களும் ஒரே நடையில் அகப்பட்டுவிடும். ஒவ்வொரு பேக்கேஜையும் ஒவ்வொரு அம்பையும் ஒரு தடவை தொட்டால் போதும்.

இதன் அருமை எண்ணிப் பார்த்தால் புரியும். 1,000 பேக்கேஜ்களில் இரண்டிரண்டாக எடுத்தால் 4,99,500 ஜோடிகள் வரும். அத்தனையையும் பார்த்து முடித்தாலும், மூன்றும் நான்கும் சேர்ந்து போடும் வளையம் அதில் தெரியாது. டார்ஜனின் வழியில் ஆயிரம் பேக்கேஜ் என்பது கண் இமைக்கும் வேலை. ஜான் ஹாப்கிராஃப்டுடன் சேர்ந்து அவர் 1986-ல் டூரிங் விருது பெற்றார். கணிதம் அத்தனை முன்னால் வந்துவிட்டது. ஆனால் எது எதைச் சார்கிறது என்ற அம்புகளை நிரலிலிருந்து பிரித்தெடுத்து அந்தக் கணிதத்துக்குக் கொடுக்கும் வழக்கம் சாதாரண அலுவலகங்களுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் வீணானது மனிதர்களின் இரவுகள்.

நடுவில்: பள்ளிக்கு வந்த லேப்டாப்

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் வழங்கத் தொடங்கியது. அரசின் எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த தொடக்க கால லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ், டெபியன் என்ற உலகளாவிய தன்னார்வலர்களின் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. அந்த லேப்டாப்பைப் பெற்ற கிராமத்துப் பிள்ளைக்கு, ஆயிரக்கணக்கான பேக்கேஜ்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் ஓர் உலகமே கைக்கு வந்தது.

டெபியனின் கதையே சார்புகளின் கதைதான். முன்பு ஒரு பேக்கேஜை நிறுவப் போனால், இன்னொன்று இல்லை என்று சொல்லும். அதைத் தேடிப் பிடித்துப் போட்டால் மூன்றாவதைக் கேட்கும். 1999-ல் வந்த டெபியன் 2.1-இல் ‘ஆப்ட்’ சேர்ந்தபோதுதான் அந்தச் சங்கிலியை இயந்திரமே பின்தொடரத் தொடங்கியது.

டெபியனின் அடிவயிற்றிலேயே ஒரு வளையமும் உண்டு. எல்லா நிரல்களுக்கும் ஆதாரமான சி நூலகம், கம்பைலரின் துணை நூலகமான லிப்ஜிசிசியைச் சார்கிறது. ஓர் இழையைப் பாதியில் நிறுத்தும்போது அடுக்கை ஒழுங்காகப் பிரித்து இறங்க அதன் உதவி வேண்டும். லிப்ஜிசிசி தன் பங்குக்குச் சி நூலகத்தைச் சார்கிறது. டெபியன்காரர்களுக்கு இது தெரியும். தெரிந்தே வைத்திருக்கிறார்கள். நிறுவும்போது வளையத்தை எந்த இடத்தில் வெட்டித் தொடங்கலாம் என்பதற்கும் விதி எழுதி வைத்திருக்கிறார்கள். நிறுவிய பின் ஓட வேண்டிய சிறு நிரல் இல்லாத பேக்கேஜ் எதுவோ, அங்கே வெட்டு விழும்.

இந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். தவிர்க்க முடியாத வளையம் ஒன்று இருந்தால் அதை ஊரறியச் சொல்லி, காரணத்தையும் கையாளும் முறையையும் எழுதி வைப்பது ஒரு நாகரிகம். ஒருவர் தலைக்குள் பூட்டிக்கிடந்த வரைபடம், காரிமங்கலத்தில் லேப்டாப் பெற்ற பிள்ளையும் படிக்கும்படி பொதுவில் வந்தது.

இன்று: பிறந்த நிமிடமே தெரிகிறது

இன்று நிலைமை தலைகீழ். சில மொழிகளில் வளையத்தோடு நிரல் கட்டவே முடியாது. 2009-ல் கூகுள் வெளியிட்ட கோ மொழியில் பேக்கேஜ்கள் வளையம் போட்டால் கம்பைலர் அங்கேயே மறுத்துவிடும். ரஸ்ட் மொழியின் கார்கோவும் அப்படியே. சந்தை மென்பொருளை கோ மொழியில் எழுதியிருந்தால், வியாபாரி பேக்கேஜில் அந்த ஒரு வரியைச் சேர்த்தவருக்கு அடுத்த பில்டிலேயே பதில் வந்திருக்கும்.

ஜாவா இந்த இடத்துக்கு வர நெடுநாள் ஆயிற்று. அதன் ஆதி பேக்கேஜ்களே ஒன்றையொன்று கட்டிப்பிடித்தவை. மொழியின் அடிப்படைப் பேக்கேஜும் பயன்பாட்டுப் பேக்கேஜும் இன்றுவரை ஒன்றையொன்று அழைக்கின்றன. ஜாவாவின் முழு உடலையும் மாட்யூல்களாகப் பிரிக்கும் ஜிக்சா திட்டம் 2008-ல் தொடங்கி, 2017 செப்டம்பரில் ஜாவா 9 ஆக வெளிவந்தது. மாட்யூல்களுக்கு இடையே வளையம் கூடாது என்று அதில் விதியே இருக்கிறது. வளர்ந்துவிட்ட ஒரு கட்டமைப்பைப் பிரிக்க ஒன்பது ஆண்டுகள். தொடக்கத்திலேயே கவனித்திருந்தால் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொரு நிரலாளரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

மொழியே தடுக்காத இடங்களில் கருவிகள் காவல் நிற்கின்றன. ஜாவாவுக்கு ஆர்க்யூனிட், ஜாவாஸ்கிரிப்டுக்கு மேட்ஜும் டிபென்டென்சி குரூசரும், பைத்தானுக்குப் பைலிண்டும் இம்போர்ட் லின்டரும் இருக்கின்றன. ஒருவர் தன் மாற்றத்தைப் பொதுக் கிடங்குக்கு அனுப்பியதும் சர்வரில் இவை தாமாக ஓடி, எந்த பேக்கேஜிலிருந்து எந்த வழியாகச் சுற்றி வருகிறது என்று முழுப் பாதையையும் எழுதிக் காட்டும். வளையம் இருந்தால் மாற்றம் உள்ளே போகாது. டார்ஜன் காகிதத்தில் எழுதியது, இன்று கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொரு நாளும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பள்ளிப் பாடமும் மாறியது. 2019-20 கல்வியாண்டிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் வந்தது. அதே 2019 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.8, ஒரு மாட்யூல் பாதி மட்டுமே தயாராகியிருக்கிறது, சுற்றி வரும் இம்போர்ட் காரணமாக இருக்கலாம் என்று பிழைச் செய்தியிலேயே சொல்லத் தொடங்கியது. அதற்கு முன்னால் அந்தப் பெயர் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைவிரிக்கும்.

இதை எந்தப் பிள்ளையும் இன்றே செய்து பார்க்கலாம். ஒரு கோப்புக்கு ‘ரேண்டம்’ என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்து, அதற்குள் பைத்தானின் ரேண்டம் மாட்யூலை இம்போர்ட் செய்து, ஓர் எண் கேளுங்கள். பைத்தான் தன் நூலகத்துக்குப் போகாமல் உங்கள் கோப்பையே மறுபடி திறக்கும். கோப்பு தன்னைத் தானே சார்ந்துவிடும். உலகத்திலேயே சிறிய வளையம் அதுதான். 2024 அக்டோபரில் வந்த 3.13-இல், கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள் என்று பைத்தானே யோசனையும் சொல்கிறது. மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்ததை இன்று பிழைச் செய்தியே சொல்லிக்கொடுக்கிறது.

மாறாதது

கண்டுபிடிப்பது இவ்வளவு எளிதான பிறகும் வளையங்கள் குறைந்துவிட்டன என்று சொல்ல முடியாது. கருவி பாதையைக் காட்டும். எந்த அம்பை வெட்டுவது என்று அதற்குத் தெரியாது. அது பொருளைப் பற்றிய கேள்வி; நிரலின் வரிகளைப் பற்றியது மட்டுமாக இருந்தால் கருவியே வெட்டிவிடும்.

சந்தை மென்பொருளுக்கே திரும்புவோம். பாக்கித் தொகை யாருடையது? வியாபாரியின் குணம் என்று சொன்னால் வளையம் அப்படியே இருக்கும். பாக்கி என்பது வியாபாரியையும் ரசீதையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் கணக்கு என்று புரிந்துகொண்டால், ‘பேரேடு’ என்று நான்காவது பேக்கேஜ் ஒன்று பிறக்கும். அது அந்த இரண்டையும் சாரும்; அவை இரண்டும் அதைச் சார வேண்டியதில்லை. வளையம் அறுந்துவிடும். வரி பேக்கேஜுக்கு வியாபாரி முழுவதும் தேவையா, அவருடைய வகை என்ற ஒரு சொல் போதுமா என்று கேட்டாலும் இன்னொரு அம்பு போகும். சில நேரம் இரண்டு பேக்கேஜ்கள் உண்மையில் ஒரே பொருள் என்று தெரியவரும். அப்போது சேர்த்துவிடுவதே நேர்மை. சந்தைக் கணக்கு எப்படி நடக்கிறது என்று தெரிந்தவரால்தான் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியும்.

பதில் தேடாமல் தப்பிக்கவும் வழிகள் உண்டு. பைத்தானில் இம்போர்ட் வரியைக் கோப்பின் தலைப்பிலிருந்து எடுத்து ஒரு பங்ஷனுக்குள் ஒளித்து வைத்தால் பிழைச் செய்தி போய்விடும். வளையம் அங்கேயே இருக்கும். நோட்-ஜேஎஸ் பாதி தயாரான பொருளைக் கொடுத்துவிட்டு மேலே போகும். இன்று செயற்கை நுண்ணறிவு நிமிடத்தில் நூறு வரி எழுதித் தரும் காலம்; கேட்ட வேலை முடிய எங்கிருந்து வேண்டுமானாலும் இம்போர்ட் சேர்த்துவிடும். வளையம் போடும் வேகம் கூடியிருக்கிறது. ஆகவே காவலும் கூட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைய மூத்தவருக்கு வளையம் எங்கே என்பதோடு ஏன் வந்தது என்பதும் தெரியும். இன்றைய கருவி எங்கே என்பதை மட்டுமே சொல்கிறது. காரணத்தை எழுதி வைக்கும் பழக்கத்தை நாம் வளர்க்காவிட்டால், அன்று தலைக்குள் பூட்டிக்கிடந்தது இன்று எங்குமே இல்லாமல் போகும்.

பழைய நிரலில் நூறு வளையங்கள் இருந்தால் பயப்பட வேண்டாம். இருப்பதைப் பட்டியலிட்டு உறைய வைத்துவிட்டு, புதிதாக ஒன்றுகூட நுழையாதபடி தடுக்கும் வசதி ஆர்க்யூனிட்டிலும் டிபென்டென்சி குரூசரிலும் இருக்கிறது. பிறகு ஒவ்வொன்றாக வெட்டலாம்.

காரிமங்கலத்தில் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. தருமபுரி பக்கத்தில் செட்டிக்கரையில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே கணினி கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டு இறுதி ப்ராஜெக்டுக்கு மதிப்பெண் போடும்போது நிரல் ஓடுகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். பேக்கேஜ்களின் அம்புகளை ஒரு தாளில் வரைந்து கொண்டுவரச் சொல்லுங்கள். வளையம் இருந்தால் எந்த அம்பை வெட்டுவாய், ஏன் என்று கேளுங்கள். மாணவர்களே, ப்ராஜெக்ட் தொடங்கும் முதல் நாளிலேயே வளையம் பார்க்கும் கருவியைச் சேர்த்துவிடுங்கள், எல்லாம் இலவசம். கருவி காட்டியதும் அதை மறைக்க வழி தேடாமல், எது யாருடையது என்ற கேள்வியை உட்கார்ந்து யோசியுங்கள். வேலை கொடுப்பவர் எந்த நாட்டில் இருந்தாலும், அவர் உங்களிடம் எதிர்பார்ப்பது அந்த யோசனையைத்தான்.